உரைகாரர் சென்ற ஊர்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பலர். இராசகிரியின் உச்சியை அண்ணாந்து நோக்கி, தேசிங்குராசன் கதையைக் கேட்டு, கலியாண மகாலையும் களஞ்சியத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். 2025ஆம் ஆண்டில் அக்கோட்டை மராட்டியர் அரண்களின் வரிசையில் வைத்து உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆதலின் அங்குச் செல்வோர் தொகை இனியும் பெருகும். ஆனால், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, வயல்கள் சூழ்ந்த நிலப்பரப்பில் மேல்சித்தாமூர் என்றோர் ஊர் இருப்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் செஞ்சிவரை சென்று, சித்தாமூரைக் காணாமல் திரும்புவாராயின், அவர் கோட்டையைக் கண்டார். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டார் என்றே நான் சொல்வேன்.

சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை இடம். சினகாஞ்சி மடம் அங்கே உள்ளது. பார்சுவநாதருக்கு உயர்ந்த கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில் உண்டு. அதனினும் பழைமையானது மலைநாதர் கோயில். அங்கே ஒரு பெரும்பாறையின் முகத்தில் பாகுபலியும் பார்சுவநாதரும் தருமதேவியாகிய இயக்கியும் புடைப்புருவங்களாக நிற்கின்றனர். மயிலாப்பூரில் ஒருகாலத்தில் நேமிநாதருக்கு ஒரு கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' என்று பெயரிட்டது அவரை நினைந்தே. கடல் அக்கோயிலைக் கொள்ளவந்தபோது நேமிநாதர் திருவுருவத்தைச் சித்தாமூருக்குக் கொண்டுவந்து வைத்தனர் என்று சமணர் சொல்வர்.

நான் முதன்முறை அவ்வூருக்குச் சென்றபோது நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறுகிறேன். கோயிலின் முன்னே ஒரே கல்லாலான உயர்ந்த தூண் ஒன்று நின்றது. அதன் பெயர் என்ன என்று அருகிருந்த முதியவர் ஒருவரை வினவினேன். "மானத்தம்பம், ஐயா" என்றார் அவர். தமிழாசிரியன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. "நல்ல பெயர்! மயிர்நீப்பின் வாழாத கவரிமானைப் போன்ற மானமுடையோர் வாழ்ந்த நாடல்லவா? மானத்தின் பெருமைக்கு எடுத்த தூண்" என்று விளக்கம் கூறத் தொடங்கினேன். முதியவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்த பின்னர், "தாங்கள் சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் நூல்களில் மானம் என்பது செருக்கு. வெகுளி, மானம், மாயம், உலோபம் என்று நான்கு மாசுகள் உண்டு. அருகர் வீற்றிருக்கும் அவைக்கு முன்னே இந்தத் தூண் நிற்கும். இதைக் கண்டவுடன் வருகிறவனுடைய செருக்கு நீங்கிவிடும். மானம் ஒழிவதற்கான தம்பம் இது" என்றார். மகாவீரரோடு வாதிட வந்த இந்திரபூதி கௌதமர், இத்தூணைக் கண்ட அளவில் செருக்கொழிந்து அவருக்கு முதல் மாணாக்கரானார் என்ற கதையையும் கூறினார்.

அத்தூண் தன் தொழிலை அன்று என்னிடத்தும் செய்தது. என் விளக்கத்தில் இலக்கணப் பிழை இல்லை. அகராதிப் பிழையும் இல்லை. ஆயினும் அது முற்றும் தவறு. ஒரு சொல்லை நான் என் வீட்டிலிருந்து கொண்டுவந்து, பிறர் வீட்டுக் கதவில் பூட்டிவிட்டேன்.

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "கவிதைக்கும் கதைக்கும் ஆசிரியர்கள் உட்பொருள் கூறுகிறார்கள். மரம் என்றால் அரசன் என்கிறார்கள். கல் என்றால் மனம் என்கிறார்கள். அது உண்மையில் அங்கே இருக்கிறதா, அல்லது அவர்களே வைத்துப் பார்க்கிறார்களா? அதனை முடிவு செய்பவர் யார்?" என்பதே அது. நியாயமான வினா. இதற்கு விடையாக இலக்கியக் கொள்கைகளை அடுக்க நான் விரும்பவில்லை. இதே வினாவை எதிர்கொண்ட பேரறிஞர் ஒருவரின் வரலாற்றையே கூற விரும்புகிறேன். அவ்வரலாறும் இந்தச் சித்தாமூரைச் சுற்றியே நிகழ்கின்றது.

அவ்வறிஞர் நச்சினார்க்கினியர். 14ஆம் நூற்றாண்டினர், மதுரையைச் சார்ந்தவர், சைவ அந்தணர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை ஆகியவற்றுக்கு உரை கண்டவர். தமிழில் அவர் அறியாத நூல் எது என்று ஐயுறும் அளவிற்கு அவர் உரையில் மேற்கோள்கள் பெருகிக் கிடக்கும். அவர் சீவக சிந்தாமணிக்கும் உரை எழுத முற்பட்டார். எழுதி முடித்துச் சமணச் சான்றோரிடம் காட்டினார். அவர்கள் அதனை ஏற்கவில்லை. அதன்பின் அவர் சித்தாமூருக்குச் சென்று, சமணரோடு சமணராகத் தங்கி, ஆருகத நூல்களைப் பாடங்கேட்டு, மீண்டும் ஓர் உரை எழுதினார் என்றும், இன்று நம் கையில் உள்ளது அவ்விரண்டாம் உரையே என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

இது செவிவழிச் செய்தி; கல்வெட்டுச் சான்று அன்று. எனினும் செவிவழிச் செய்திகளுக்கும் ஒரு பயன் உண்டு. ஒரு சமுதாயம் எதனை மதித்தது என்பதை அவை காட்டும். தொல்காப்பியத்துக்கே உரை கண்ட ஒருவர், தாம் எழுதிய ஏட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மாணாக்கராகிச் சென்றார் என்று சொல்வதில் தமிழுலகம் பெருமை கண்டது, இழிவு காணவில்லை. அஃது எண்ணத்தக்கது.

சிந்தாமணியில் அப்படி என்னதான் இருந்தது? அதனைச் சிறிது பார்ப்போம். அக்காப்பியத்தை இயற்றியவர் திருத்தக்கதேவர் என்னும் சமணத் துறவி. விருத்தப்பாவில் எழுந்த முதற் பெருங்காப்பியம் அது. 13 இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தேவி விசயையின்மேற் கொண்ட காதலால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். அமைச்சன் வஞ்சித்து அரசனைக் கொல்கிறான். கருவுற்ற தேவி மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கி, அங்கே சீவகனைப் பெறுகிறாள். வணிகன் கந்துக்கடன் வீட்டில் வளர்ந்த சீவகன், கலைகளில் வல்லவனாகி, மகளிர் எண்மரை மணந்து, பகையை வென்று அரசெய்தி, முடிவில் அனைத்தையும் துறந்து வீடு பெறுகிறான்.

இக்காப்பியத்தின் தொடக்கத்திலேயே ஒரு கனவு வருகிறது. பூங்கொத்துகளை உடைய அசோக மரம் ஒன்று முறிந்து வீழ்கிறது. அதன் அடியிலிருந்து முளையொன்று முடியோடும் எட்டு மாலைகளோடும் ஓங்கி வளர்கிறது. கனவு கண்ட தேவி கலங்குகிறாள். முளை மகனென்றும், மாலைகள் அவன் மணக்கும் மகளிரென்றும் அரசன் பொருள் கூறுகிறான். மரத்தின் வீழ்ச்சியோ அவனுக்கே வரவிருக்கும் கேடு.

காப்பியத்தின் இறுதியில் மற்றொரு காட்சி. சீவகன் அரசனாகித் தேவியரோடு சோலையில் உலவும்போது, ஆண்குரங்கு ஒன்று ஊடிய தன் பெண்குரங்குக்குப் பலாப்பழம் ஒன்றைக் கொணர்ந்து ஊட்டுகிறது. சோலைக் காவலன் ஒருவன் வந்து குரங்குகளைத் துரத்திப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். இதனைக் கண்ட சீவகனின் உள்ளம் திடுக்கிடுகிறது. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன், பறித்துக்கொண்டவன் நான், பழமோ அரச இன்பம் என்று அவன் உணர்கிறான். துறவு அக்கணத்திற் பிறக்கிறது.

நான் மாணவனாக இருந்தபோது இக்காட்சியை நகைச்சுவை என்றே படித்தேன். குரங்கும் பலாப்பழமும் நகைப்பை விளைத்தன. பின்னர்த்தான் அதன் கூர்மை விளங்கிற்று. சீவகன் அறத்தின்படி தன் தந்தையின் நாட்டை மீட்டவன், கட்டியங்காரன் திருடியவன். கதையைக் கேட்கும் நாம் அனைவரும் சீவகன் பக்கம் நிற்கிறோம். ஆனால் சீவகனோ தன்னை மீட்டவனாகக் காணவில்லை. தடியோடு வந்து பறித்தவனாகக் காண்கிறான். வென்றவன் தன் வெற்றியைப் பிறிதொரு கண்ணாற் பார்க்கும் இடம் அது.

இவ்விரண்டு இடங்களிலும் உட்பொருளை நாம் தேடி அலைய வேண்டுவதில்லை. நூலே உட்பொருளைக் கூறிவிடுகிறது. நூலினுள் ஒருவன் கனவுக்குப் பொருள் சொல்கிறான். மற்றொருவன் காட்சிக்குப் பொருள் காண்கிறான். எனவே மாணவர் கொள்ளவேண்டிய முதல் விதி இது: உட்பொருளுக்கு முதற்சான்று நூலே. அது வாய்திறந்து பேசும் இடத்தில் நாம் வேறு பேசலாகாது.

நூல் வாய்திறவாத இடங்களும் உண்டு. அவற்றுக்குத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியர் வகுத்துக் காட்டினார். மருதநிலப் பாட்டு ஒன்றில் எருமை தாமரையை மிதித்துக்கொண்டு சென்று வேறு மேய்ச்சலை நாடுமாயின், தலைவியை வருத்திப் பரத்தையை நாடும் தலைவனைப் படிப்பவர் உணர்ந்துகொள்வர். நிலமும் பொழுதும் பறவையும் விலங்கும் சேர்ந்து அங்கே ஒரு மொழியாகிவிடுகின்றன. இம்மொழியின் இலக்கணத்தை நச்சினார்க்கினியரைக் காட்டிலும் அறிந்தவர் யார்? தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு உரை வகுத்தவர் அல்லரோ? அத்தகையவரின் உரையைச் சமணர் ஏன் ஏற்கவில்லை?

முதல் உரை நம் கையில் இல்லை. எனினும் சிந்தாமணியைச் சமணரோடு அமர்ந்து படித்தால், புறத்தார் எங்கெங்கே இடறக்கூடும் என்பது தெரிந்துவிடும். மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, அந்தக் கனவே. அசோக மரத்தைத் தமிழ் நூல்கள் பிண்டி என்று கூறும். அருகர் பிண்டியின் நிழலில் முக்குடையின்கீழ் வீற்றிருப்பவர். ஆதலின் சமணர்க்கு அது வெறும் பூமரம் அன்று. மேலும், தீர்த்தங்கரரைக் கருவுற்ற தாய் பதினாறு கனவுகள் காண்பாள் என்பது திகம்பர சமணரின் மரபு. சமணக் காப்பியம் ஒன்றில் கருவுற்ற அரசி கனவு காண்கிறாள் என்ற அளவிலேயே, 'உயர்ந்த உயிர் ஒன்று பிறக்கப் போகிறது' என்று கேட்போர் நிமிர்ந்து உட்காருவர். புறத்தார் தீய நிமித்தத்தை மட்டுமே காணும் இடத்தில், அவர்கள் விடியலையும் காண்கிறார்கள்.

இரண்டாவது, நாய் ஒன்றின் கதை. அந்தணர் சமைத்த உணவைத் தீண்டிய நாயை அவர்கள் அடித்து வீழ்த்துகிறார்கள். சாகும் நிலையிலுள்ள அதன் செவியில் சீவகன் மந்திரம் ஓதுகிறான். அந்நாய் இறந்து, சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. மந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் பிறர் மாயவித்தை என்று நினைப்பர். சமணரின் ஐம்பத மந்திரம் அத்தகையதன்று. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய ஐவகையோரையும் வணங்கும் சொற்களே அது, எதையும் கேட்பதில்லை, எவரையும் ஏவுவதில்லை. சாகும் உயிரின் எண்ணத்தைத் தூய்மையின்பால் திருப்புவதே அதன் வேலை. இதனை அறியாதவர்க்கு அப்பகுதி அற்புதக் கதை. அறிந்தவர்க்கு, ஒரு நாய்க்கும் வீடுபேற்றின் வழி அடைபடவில்லை என்னும் பேரறம்.

மூன்றாவது, அன்னப்பார்ப்பு. முற்பிறப்பில் அசோதரன் என்னும் அரசிளங்குமரனாய் இருந்தபோது, சீவகன் ஓர் அன்னக்குஞ்சைத் தாய்தந்தையரிடமிருந்து பிரித்துக் கொணர்ந்து, தன் தேவியர் விளையாடும் பொருட்டு வளர்த்தான். அவ்வினையே இப்பிறப்பில் அவனைப் பெற்றோரையும் சுற்றத்தையும் பிரிந்து வாழச் செய்தது என்று காப்பியம் கூறும். நம் வகுப்பறையில், 'அன்னக்குஞ்சு பிரிவின் குறியீடு' என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் சமணர் அதனைக் குறியீடாகப் படிக்கவில்லை, காரணமாகப் படிக்கிறார்கள். அங்கே விதைத்தான், இங்கே அறுத்தான். ஒருவருக்கு உவமையாகத் தோன்றுவது மற்றொருவருக்கு உண்மையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை எந்த அணியிலக்கணமும் நமக்குக் கற்பிக்காது. அம்மக்களோடு வாழ்ந்தாலன்றி அது விளங்காது. சித்தாமூருக்குச் செல்ல வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

சிந்தாமணிக்கு 'மணநூல்' என்றொரு பெயர் உண்டு. எண்மரை மணந்தவன் கதையாதலின் அப்பெயர் வந்தது என்பர். இலம்பகங்களின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதலில் நாமகள், பின்னர் மகளிர் பலர், பின்னர் மண்மகள், பூமகள், இறுதியில் முத்தி. கல்வியையும் மங்கையரையும் மண்ணையும் திருவையும் வரிசையாக மணந்தவன், ஒவ்வொன்றையும் கடந்து, கடைசியில் வீடு என்னும் நங்கையை மணக்கிறான். இன்பங்களை எண்ணி எண்ணிக் கூறுவது அவற்றைக் கடப்பதற்கே என்பது அப்பெயர் வரிசையிலேயே புலனாகிறது.

ஆனால் எல்லோரும் அவ்வாறு படித்தனரா? இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் குலோத்துங்க சோழன் சிந்தாமணியின் சுவையில் மூழ்கியிருந்தான் என்றும், அமைச்சர் சேக்கிழார் அதனைப் பொய்ந்நூல் என இடித்துரைத்துச் சிவனடியார் வரலாற்றைப் பாடினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஒரே நூல்: அரசனுக்கு அது இன்ப விருந்து; அமைச்சருக்கு அது பிற சமயத்தாரின் பொய்; அதே காலத்தில் சமணர் இல்லங்களில் அது ஓதத்தக்க திருநூல். அக்கருத்து மோதலில் நமக்குப் பெரியபுராணம் கிடைத்தது. அது நமது நற்பேறு. எனினும், அன்று சிந்தாமணியின் பொருளைச் சமணரிடம் சென்று கேட்டவர் உண்டா என்ற வினா என் மனத்தில் எழாமல் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், அந்த வேலையைச் செய்தவர் ஒரு சைவர். அதனாலேயே நச்சினார்க்கினியரின் பயணம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அப்பயணம் மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது. இம்முறை ஆண்டும் நாளும் நமக்குத் தெரியும். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எனத் தாம் கற்ற நூல்களை 25 வயது இளைஞரான ஐயர் அடுக்கினார். முதலியார் அவற்றால் நிறைவு கொள்ளாது, 'சிந்தாமணியைப் படித்ததுண்டா?' என்று கேட்டார். ஐயர் அந்நூலைப் பார்த்ததே இல்லை. 1868ஆம் ஆண்டில் பவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். எஞ்சியது ஏட்டிலேயே கிடந்தது.

முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு ஐயர் படிக்கத் தொடங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவருக்குப் பாடல் விளங்கவில்லை, உரையும் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் கூறும் சமணக் கருத்துகளுக்கு அவர் கற்ற சைவ நூல்களில் விளக்கம் இல்லை. பின்னர், கும்பகோணத்திலேயே சமணர் வாழ்வதை அறிந்து அவர்களை நாடிச் சென்றார். அங்கே ஒரு வீட்டில் தோரணங்கள் விளங்கின. என்ன விழா என்று வினவியபோது, சிந்தாமணியைப் பல மாதங்களாக ஓதி அன்றுதான் நிறைவு செய்தனர் என்று தெரியவந்தது. தமிழ்ப் புலவருலகம் மறந்துவிட்ட நூலை, ஒரு தெருவில் வாழ்ந்த மக்கள் விழா எடுத்து ஓதிக்கொண்டிருந்தனர்!

சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய சமண அன்பர்கள் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தனர். வீடூர் நம் சித்தாமூர் இருக்கும் இதே வட்டாரத்து ஊர். ஐயர் மலைத்து நின்ற இடங்களை அவர்கள் அன்றாடப் பேச்சைப்போல் எளிதாக விளக்கினர். சமணரல்லாத ஒருவர் இவ்வளவு ஆர்வத்தோடு கேட்பதைக் கண்டு, வீடுபேற்றுக்கு உரிய உயிர் என்னும் பொருளில் 'பவ்விய சீவன்' என்று அவரை மதித்தனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேறியது. பின்வந்த பதிப்புகளிலும் ஐயர் அதனைத் திருத்திக்கொண்டே இருந்தார். அப்பதிப்பின் அடித்தளத்தில் ஏடுகள் மட்டும் இல்லை. அத்தெருவாரின் நாவும் இருக்கிறது.

இஃது தமிழுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. எகிப்திய நாட்டுக் கல்வெட்டுகளில் பறவையும் பாம்பும் கண்ணும் கையும் எழுத்துகளாக இருந்தன. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய அறிஞர்கள் ஒவ்வோர் உருவத்துக்கும் மறைபொருள் கற்பித்தனர். பக்கம் பக்கமாக எழுதினர், அனைத்தும் வீணாயிற்று. 1799ஆம் ஆண்டில் உரோசெட்டாக் கல் கிடைத்தது. 1822ஆம் ஆண்டில் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வெழுத்தின் வழியை வெளியிட்டார். அவ்வுருவங்களுட் பல வெறும் ஒலியெழுத்துகளே என்பது தெரிந்தது. அவருக்குக் கைகொடுத்தது எது? எகிப்தியக் கிறித்தவர்கள் தம் வழிபாட்டில் அழியாது காத்துவந்த காப்திய மொழி. எகிப்திலும் ஓர் எளிய கூட்டத்தாரின் வழிபாடே பழம்பொருளுக்குத் திறவுகோலாயிற்று. அறிஞர்கள் ஏன் இடறினர்? உட்பொருள் காணாமையால் அன்று. இல்லாத இடத்திலும் கண்டமையால்.

இந்தப் பிழைக்கு நச்சினார்க்கினியரும் விலக்கல்லர். முல்லைப்பாட்டுக்கு அவர் எழுதிய உரையில், அடிகளை இடம் மாற்றி, எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுசென்று கூட்டிப் பொருள் கொண்டார். மறைமலையடிகள் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதனை மறுத்து, பாட்டைப் புலவர் வைத்த முறையிலேயே படித்துக் காட்டினார். சிந்தாமணியில் ஏட்டை ஒதுக்கி வைத்த அதே பேரறிஞர், முல்லைப்பாட்டில் தம் அறிவையே பாட்டின்மேல் ஏற்றிவிட்டார். ஓரிடத்தில் அவரைத் தடுத்து, 'இது பொருந்தாது' என்று சொல்ல ஆட்கள் இருந்தனர். மற்றோரிடத்தில் அத்தகையோர் அவர்க்கு வாய்க்கவில்லை. சங்கப் புலவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் பல ஆகியிருந்தன. அத்தகைய இடத்தில், பாட்டின் அடிகளே நம்மைத் தடுக்கவேண்டும். நாமும் தடுக்கப்பட இசையவேண்டும்.

இதுவரை காப்பியத்தைப் பற்றிப் பேசினேன். சிறுகதைக்கும் இது பொருந்துமா என்று நீங்கள் வினவலாம். திருத்தக்கதேவரே ஒரு சிறுகதை பாடினார். காப்பியம் பாட இசைவு கேட்ட அவரிடம், எதிரே ஓடிய நரியொன்றைக் காட்டி, 'இதைப் பாடுக' என்றார் அவருடைய ஆசிரியர். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம் என்பது மரபு. அதில் வேடன் யானையை எய்கிறான்; பாம்பு வேடனைக் கடிக்கிறது; வேடன் பாம்பைக் கொல்கிறான்; மூவரும் மாள்கின்றனர். வந்த நரி, 'யானை பல மாதத்துக்கு. வேடன் சில நாளுக்கு. பாம்பு ஒருநாளுக்கு' என்று கணக்கிட்டு, 'இன்றைக்கு இந்த நாண் போதும்' என்று வில்லின் நரம்பைக் கடிக்கிறது. வில் தெறித்து அதன் உயிரைக் குடிக்கிறது. கதை சிறிது, சேமிக்கும் மனத்தின் பேராசைக்கு அந்த வளைந்த வில்லைவிடச் சிறந்த உருவம் வேண்டுமா?

நம் காலத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' உங்களுள் பலர் படித்திருக்கக்கூடிய கதை. இராமன் அடிபட்டு உயிர்பெற்ற அகலிகை, பின்னாளில் சீதையின் வாயிலாக, அவளைத் தீக்குளிக்கச் செய்த செய்தியைக் கேட்கிறாள், மீண்டும் கல்லாகிறாள். அந்தக் கல்லின் பொருள் என்ன? இராமாயணத்தை அறியாதவனுக்கு அது வெறும் மாயம். அறிந்தவனுக்கோ முதற்கல்லும் இரண்டாங்கல்லும் ஒன்றல்ல என்பது விளங்கும். முதற்கல் கணவன் இட்ட சாபம். இரண்டாங்கல்லை இட்டவர் எவரும் இல்லை. மனமே இறுகிக் கல்லாயிற்று. இராமாயணத்தைப் பத்தியோடு படிக்கும் வீட்டில் பிறந்தவருக்கு அந்த இரண்டாங்கல் வலிக்கும். அந்த வலியையும் சேர்த்துத்தான் அக்கதையின் பொருள்.

முடிக்குமுன், உங்களை மறுபடியும் செஞ்சிக்கு அழைத்துச் செல்கிறேன். செஞ்சியை அடுத்த சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. அதன் பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் பன்னிருவர் பன்னிருவராக இருவரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றனர். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் பழங்கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. இளையபடாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததை மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. இவற்றைப் படிக்கும் இக்காலத்து மாணவன், 'பட்டினி கிடந்து இறந்தார்' என்று பொருள் கொள்வான். சொல்லுக்குச் சொல் அது சரியே. ஆனால் அதனைப் பொறித்தவர்கள் ஒரு துயரச் செய்தியைப் பொறிக்கவில்லை. வினையை வென்ற ஒருவரின் வெற்றியைப் பொறித்தனர். சல்லேகனை என்னும் அந்நோன்பை அறிந்தவனே அவ்வெழுத்தின் பெருமிதத்தைக் கேட்க முடியும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த வரலாற்றைப் படித்த தமிழ் மாணவனுக்கு அது முற்றும் அயலான செய்தியும் அன்று.

மாணவ நண்பர்களே! உட்பொருளை முடிவு செய்பவர் யார் என்று கேட்டீர்கள். ஆசிரியர் மட்டும் அல்லர். நீங்கள் மட்டும் அல்லீர். முதலில் நூலைக் கேளுங்கள். நூல் பேசாத இடத்தில், அந்நூலைத் தமதென்று போற்றி வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் இல்லாத இடத்தில், உங்கள் விளக்கத்தைப் பாட்டின் அடிகள் தாங்குகின்றனவா என்று மீண்டும் மீண்டும் சோதித்துப் பாருங்கள். தாங்காதாயின், அது எத்துணை அழகியதாயினும் கைவிடுங்கள். அதனால் ஒரு தேர்வில் ஒரு மதிப்பெண் குறையலாம். ஆனால் பிறர் வணங்கும் ஒன்றை, அறியாது சிறுமைப்படுத்தும் பிழை நேராது.

சித்தாமூரிலிருந்து நான் விடைபெற்றபோது மாலை சாய்ந்திருந்தது. கதிரவன் மறையுமுன் உண்பது சமணர் வழக்கமாதலின், அந்த முதியவர் வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தார். ஆயினும் சற்று நின்று, "சிந்தாமணியைத் தாங்கள் படித்திருப்பீர்களே?" என்று கேட்டார். நான் பல ஆண்டுகள் அதனைக் கற்பித்தவன். ஆயினும் அன்று அந்தத் தூணின் நிழலில் நின்றுகொண்டு, "இனிமேல்தான் படிக்கவேண்டும், ஐயா" என்றேன்.